ஒரு படத்தின் மேல் இரண்டு படம்

கல்யாணம், அறுபதாம் கல்யாணம், கடை திறப்பு விழா என்று நம் வணிகர் குடும்பங்களில் எடுக்கப்படும் வீடியோவுக்குக் குறைவே இல்லை. எடுத்ததை வெட்டி ஒட்டிக் கோர்க்கும் வேலையை ஸ்டுடியோக்காரரிடம் விட்டுவிடுவது அந்நாள் வழக்கம். இப்போது வீட்டுப் பிள்ளைகளே செல்போனில் செய்து முடிக்கிறார்கள். அப்படிச் செய்யும்போது பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மேடையில் மாலை மாற்றும் காட்சி ஓடுகிறது. அதன் ஒரு மூலையில் காலமான தகப்பனாரின் பழைய காட்சி, மறு மூலையில் துபாயிலிருந்து பார்த்துக் கொண்டிருக்கும் தம்பி. மூன்றும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். எப்படி?

கேசட் காலத்தில் இது பெரிய வேலை. இரண்டு வி.சி.ஆர். ஓடும், மூன்றாவது பதிவு செய்யும், நடுவில் மிக்சர் இருக்கும். இதய வடிவத்துக்குள் மணமகள் முகம் வந்ததெல்லாம் அதன் கைவரிசைதான். ஆனால் சாதாரண ஸ்டுடியோ மிக்சர் ஒரு சமயத்தில் இரண்டு படங்களைத்தான் கலக்கும். மூன்றாவது வேண்டுமென்றால், முதலில் இரண்டைக் கலந்து ஒரு கேசட்டில் பதிந்து, அந்தக் கேசட்டை மறுபடி ஓட்டி, அதன் மேல் மூன்றாவதை ஏற்ற வேண்டும். நம் பில் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதும் மூன்றாவது நகல் எப்படி இருக்குமோ, அப்படித்தான் படமும் இருக்கும். வி.எச்.எஸ். கேசட்டின் தெளிவே குறுக்குவாட்டில் சுமார் 240 கோடுகள்தான். நகலுக்கு நகல் எடுத்தால் சேலைச் சிவப்பு கரையைத் தாண்டி வழியும்.

இன்றும் சில மென்பொருள்களில் அதே முறைதான். ஆப்பிள் போன்களில் உள்ள ஐமூவியில் அடிப்படத்தின் மேல் ஒரு சமயத்தில் ஒரு படம்தான் ஏறும். இரண்டாவதுக்கு, ஒன்றை ஏற்றி முடித்ததைச் சேமித்து, அதையே புது அடிப்படமாகக் கொண்டுவந்து மற்றதை ஏற்ற வேண்டும். கேசட் அளவுக்குப் பழுது வராது என்றாலும், ஒவ்வொரு முறையும் படம் மறுபடி சுருக்கப்படுகிறது. ஆகவே முதல் சேமிப்பை உள்ளதிலேயே உயர்ந்த தரத்தில் வைக்கவும். சேமித்த பிறகு முதல் மூலைப் படத்தை நகர்த்த முடியாது என்பதையும் முன்கூட்டியே யோசித்துக் கொள்ளவும். கைன்மாஸ்டர் போன்றவற்றில் லேயர் என்ற பெயரில் ஒன்றுக்கு மேல் ஏற்றலாம். எத்தனை என்பது போனின் திறனைப் பொறுத்தது. இலவசமாகப் பயன்படுத்தினால் மூலையில் அவர்கள் முத்திரை விழும். கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே தாராளம்.

மூலையில் வைக்காமல், ஒன்றின் மேல் ஒன்றாக நிழல் போலப் படரவிட ஆசைப்படுவோரும் உண்டு. இங்கேதான் கணக்கு தவறுகிறது. ஒபாசிட்டி என்ற அளவை மேலுள்ள இரண்டு படங்களுக்கும் 50 சதவீதம் வைத்தால் மூன்றும் சமமாகத் தெரியும் என்று எண்ணுகிறார்கள். தெரியாது. இரண்டு தினுசுத் தேயிலையைப் பாதிக்குப் பாதி கலந்து, அந்தக் கலவையோடு அதே எடைக்கு மூன்றாவது தினுசைச் சேர்த்தால் என்ன ஆகும்? முதல் இரண்டும் கால் பங்கு, கடைசியில் சேர்த்தது அரைப் பங்கு. படத்திலும் அதே கணக்குதான். மூன்றும் சமமாக வேண்டுமானால் நடுப் படத்துக்கு 50, மேல் படத்துக்கு 33 வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் முகங்களை இப்படிக் கலக்கவே வேண்டாம். யார் முகமும் யாருடையதாகவும் இராது.

உறவினர்கள் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்து அனுப்பும் படங்களைக் கண்டு சலித்துக் கொள்ள வேண்டாம். அவற்றில் மூன்றைப் பக்கம் பக்கமாக நிறுத்தினால் இன்றைய டி.வி. திரையின் அகலத்துக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும். ஒலி மட்டும் ஒரே படத்திலிருந்துதான் வர வேண்டும். கெட்டிமேளம் இரண்டு போன்களிலிருந்து இம்மி முன்பின்னாக வந்தாலும் காது கூசும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நமக்குப் பழக்கமான வெல்ல வியாபாரி ஒருவர், 1991ல் நடந்த தம் தகப்பனாரின் அறுபதாம் கல்யாணக் கேசட்டை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, தம் மகன் கல்யாண வீடியோவில் சேர்க்கச் சொன்னார். அழகாகத்தான் செய்தார்கள். பெரியவர் பூ வளையத்துக்குள் தீப்பெட்டி அளவில் வந்தார். மேலே பெயர் எழுத்து ஓடியது. அவர் குரலை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டு வைத்திருந்தார்கள். கேசட்டை விசாரித்தபோது, பூஞ்சை பிடித்திருந்ததால் எறிந்துவிட்டதாகப் பதில் வந்தது. தனியாக எடுத்து வைத்த பிரதியும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிச் சேமித்துவிட்ட வீடியோவிலிருந்து அடியில் உள்ளதை மறுபடி பிரித்தெடுக்க முடியாது. கலந்த தேயிலைதான்.

ஆகையால் கேசட்டைக் கொடுக்கும்போதே, முதலில் முழுவதையும் அப்படியே கம்ப்யூட்டர் பிரதியாக எடுத்து, அதை நம் கையில் தந்த பிறகே மற்ற வேலை என்று சீட்டில் எழுதி வாங்கவும். பிரதியை இரண்டு இடத்தில் வைக்கவும். பூஞ்சை தெரிந்தால் சுத்தம் செய்யாமல் ஓட்ட விடக்கூடாது. இதில் தாமதமும் கூடாது. வி.எச்.எஸ். கருவியைக் கடைசிவரை தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திக் கொண்டது. ஓடும் நிலையில் உள்ள பழைய கருவிகள்தான் இனி கதி.

வெல்ல வியாபாரிக்கு ஒரு நல்ல காலம். அந்நாளில் கேசட்டைக் காப்பி போட்டு உறவினர்களுக்குக் கொடுப்பார்கள் அல்லவா? ஒன்று அவர் அக்காள் வீட்டுப் பரணில் கிடைத்தது. நிறம் கொஞ்சம் மங்கல்தான். பேரன் உட்கார்ந்து புதிதாகச் செய்தான். தாத்தாவை மூலையில் வைக்காமல் அடிப்படமாக முழுத் திரையில் விட்டு, மாலை மாற்றுவதையும் துபாய்ச் சித்தப்பாவையும் இரு பக்கமும் சிறிதாக ஏற்றினான். பெரியவர் பந்தியில் நின்று ஒவ்வொருவரையும் சாப்பிடச் சொல்லும் இடத்தில் நாதஸ்வரத்தை முழுக்க அடக்கிவிட்டான்.