தளிச்சேரிப் பெண்டுகளும் பட்டியற் சொற்களும்

ஆவணங்களைத் தொகுத்துக் காப்போர், ஒவ்வொன்றன் உள்ளடக்கத்தையும் இரண்டொரு வரியிற் சுருக்கிப் பட்டியலில் வரைவர். ஆராய்வார் பலரும் மூலத்திற்கு முன்னர் அவ்வரியையே காண்பர். மூலத்தைக் காணாமலே அமைவாரும் உளர். ஆதலின் அவ்வரியிலுள்ள சொல் ஆவணத்தினதா, வரைந்தோரதா என்பது நுணுகி நோக்கத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டொன்றைக் கொண்டு ஈண்டு இதனை ஆராய்வோம்.

தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் இரண்டாம் தொகுதியில் 66ஆம் எண்ணுடைய அக்கல்வெட்டு, முதல் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டு (1014) வரை வகுத்த நிவந்தங்களைக் கூறுவது. சோழநாட்டுத் தளிகள் பலவற்றினின்றும் கொணரப்பெற்ற நானூறு மகளிர் அதனுட் குறிக்கப்பெறுகின்றனர். ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு, அஃதாவது ஆண்டிற்கு நூறு கலம் நெல். இன்னார், திருவாரூர், திருவையாறு, பழையாறு போன்ற இன்ன ஊரின் இன்ன தளியினர், இன்ன சிறகில் இத்தனையாம் வீட்டினர் எனக் கல் ஒவ்வொருவரையும் தனித்தனியே சுட்டுகின்றது. ஒருவர் இறப்பின், அவர்க்கு அணுக்கராய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்தற்கும் விதி உண்டு.

கல் இவர்களை அழைக்கும் பெயர் 'தளிச்சேரிப் பெண்டுகள்' என்பது. தளி கோயில், சேரி குடியிருப்பு. ஆடல் என்னும் பொருள் அத்தொடரில் இல்லை. ஆயினும் பிற்கால நூல்கள் பலவற்றில் இவர்கள் 'நானூறு நடன மாதர்' என்றும், 'தேவதாசிகள்' என்றும் ஆயினர். நட்டுவம் செய்வார்க்கும் அக்கல்வெட்டில் பங்கு உண்மையின் இவருட் பலர் ஆடியிருத்தல் கூடும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அஃது உய்த்துணர்வு, கல்லின் கூற்றன்று. 'தேவதாசி' என்பதோ, 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் வரை நிகழ்ந்த வழக்காடல்களின் சுமையெல்லாம் ஏறிய சொல். அச்சொல்லைத் தலைப்பாக இட்ட அளவில், பங்கும் வீடும் உரிமையும் உடைய நானூற்றுவர் பெயர் மறைந்து, பழி ஒன்றே எஞ்சுகின்றது. 'தேவரடியார்' என்ற உயர்ந்த சொல்லே பேச்சில் திரிந்து வசையாயினமையை அறிவோம். அவ்வழியினர் இன்றும் வாழ்கின்றனர். பட்டியலை அவர்களும் படிப்பர்.

இதனால், கடுஞ்சொற்களையெல்லாம் களைக என்பது நம் கருத்தன்று. அதே கோயிலின் நிலக் கல்வெட்டுக்கள், இறையிலி நீங்கிய இடங்களுள் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் எண்ணுகின்றன. படியெடுப்போர் அவற்றை நயங்கருதி மாற்றுவராயின், பதினோராம் நூற்றாண்டிலேயே தீண்டாமை நிலவியதற்குரிய கற்சான்று அழியும். மூலச்சொல் மூலத்தில் நிற்க. பட்டியலில் 'ஆவணம் தீண்டாச்சேரி எனக் குறிக்கும் குடியிருப்பு' என்று எழுதுதல் முறை. 'எனக் குறிக்கும்' என்ற இரு சொற்களே பேசுவோர் யாவர் என்பதைக் காட்டிவிடும்.

மென்மையாலும் பிழை நேரும். இதனைப் பலர் எண்ணுவதில்லை. சோழர் காலத்து 'ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு' மாந்தரை விற்றதற்குரிய ஓலை. அதனைக் 'கோயிற் பணியாளர் அமர்த்தம்' எனத் தலைப்பிடுதல் விற்கப்பட்டார்க்கு இழைக்கும் இரண்டாம் கேடு. விற்பனை என்றே எழுதுதல் வேண்டும்.

பழந்தலைப்பை அடியோடு நீக்குதலும் தகாது. முன்னை நூல்களிற் பயின்றார் அச்சொற்கொண்டே தேடுவர். அன்றியும் இன்று நாம் நல்லதென இடுவதும் நாளை பழுதாகலாம். காந்தியடிகள் நன்னோக்குடன் பரப்பிய 'அரிசனர்' என்பதை அம்மக்களுட் பலரே பின்னர் ஏலாது விலக்கினர். ஆதலின் மாற்றம் செய்த ஆண்டும் காரணமும் பதிவில் இருத்தல் நலம்.

66ஆம் எண்ணுக்கு நாம் வரையும் பதிவு இது: 'தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் பிற பணியாளர்க்கும் அளித்த பங்குகள், ஊர், தளி, வீடு, பெயர் விவரத்துடன். முன்னைய நூல்களில் நடன மாதர், தேவதாசிகள் எனக் குறிக்கப்பெற்றனர். இச்சொற்கள் கல்லில் இல்லை.'