பொறியியல் வாசல் – 6: பயத்தில் எழுதும் பட்டியல்

ஒரு மாணவர் சிவிலில் சேர்வாரா, கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்வாரா என்பதை முடிவு செய்வது கட்-ஆஃப் மட்டுமே என்று நம் வீடுகளில் ஆழமாக நம்புகிறார்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடப்படும் அந்த எண் தருவது ரேங்க் ஒன்றைத்தான். நம் முறை எப்போது வரும் என்பதை ரேங்க் சொல்லும். முறை வரும்போது எந்தக் கல்லூரியில் எந்தத் துறையைக் கேட்கிறோம் என்பதைச் சொல்வது, மாணவர் நிரப்பும் விருப்பப் பட்டியல். 2018-ல் தமிழ்நாட்டின் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு இணையத்துக்கு மாறுவதற்கு முன், மாணவர்கள் சென்னைக்கு வந்து, திரையில் ஓடும் காலியிடங்களைக் கண்ணால் பார்த்து, அங்கேயே ஓர் இடத்தைச் சொன்னார்கள். பயண அலைச்சலும் செலவும் ஒழிந்தது பெரிய நன்மைதான். ஆனால் அன்று கண்ணெதிரே தெரிந்த காலியிடம் இன்று பட்டியல் நிரப்பும் நேரத்தில் தெரிவதில்லை. என்ன மிச்சமிருக்கும் என்று ஊகித்து எழுத வேண்டியிருப்பதால் பயம் வருகிறது. அந்தப் பயத்தில், ஆசைப்பட்டதைக் கீழே தள்ளி, கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே ஏற்றிவிடுகிறார்கள். என் வாதம் ஒன்றே: இந்த முறையில் அப்படிச் செய்வதால் எந்தப் பாதுகாப்பும் கூடுவதில்லை, இழப்புக்குத்தான் வழி பிறக்கிறது.

ஒதுக்கீடு நடக்கும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு மாணவியின் முறை வந்ததும் கணினி அவருடைய பட்டியலின் முதல் வரியை எடுக்கிறது. அங்கே பொதுப்பிரிவில் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் அவருடைய வகுப்புக்குரிய இடம் இருக்கிறதா என்று பார்க்கிறது. இரண்டும் இல்லை என்றால் அடுத்த வரி. இடம் கிடைத்த வரியோடு தேடல் நின்றுவிடும்; அதற்குக் கீழே இருப்பவற்றைக் கணினி திரும்பியும் பார்க்காது. இந்த மாணவிக்கு ஆசை, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி எண் 2005. "அது உனக்குக் கிடைக்காதும்மா" என்று யாரோ சொல்ல, வீட்டருகே உள்ள ஒரு தனியார் கல்லூரியை முதல் வரியில் போட்டு, 2005-ஐ ஐந்தாவதாக எழுதுகிறார். முதல் வரியே கிடைத்துவிடுகிறது. அன்று 2005-ல் இடம் காலியாக இருந்திருந்தாலும் அவருக்கு அது இல்லை. ஒதுக்கிய இடத்தை ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிய நகர்வுக்குக் காத்திருக்கலாமே என்றால், அந்த வசதி பட்டியலில் மேலே உள்ள வரிகளுக்கு மட்டும்தான். முதல் வரிக்கு மேலே என்ன இருக்கிறது?

எட்டாததை மேலே எழுதி ஒரு வாய்ப்பை வீணாக்கினால் கீழே உள்ளதும் வேறொருவருக்குப் போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது. முதல் வரியிலிருந்து ஐந்தாம் வரிக்குக் கணினி இறங்கி வருவதற்குள், ரேங்க்கில் பின்னால் இருப்பவர் யாரும் முந்திக்கொள்ள முடியாது. ஒருவருடைய பட்டியலில் தேடல் முடிந்த பிறகுதான் அடுத்தவர் முறை வருகிறது. எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் இடப்பற்றாக்குறையும் இல்லை. பிறகு போன வருட கட்-ஆஃபை எதற்குப் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. பட்டியல் எவ்வளவு ஆழம் வரை போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது மிகவும் உதவும். தன் கட்-ஆஃபுக்கு எட்டக்கூடிய இடங்கள் கீழ்வரிகளில் போதுமான அளவு இருந்தாக வேண்டும். வரிசையை மாற்றுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

வலுவான ஆட்சேபம் வேறொன்று இருக்கிறது: பதினேழு வயதில் தன் உண்மையான விருப்பம் எது என்று யாருக்குத் தெரியும்? இதை நான் முழுமையாக ஏற்கிறேன். இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்குச் சேர்பவர்களில் பெரும்பாலோர் முதலில் பொதுவான பாடங்களைப் படிக்கிறார்கள்; அவற்றில் பெற்ற மதிப்பெண்ணையும் விருப்பத்தையும் வைத்து அவர்களுக்குத் துறை ஒதுக்கப்படுகிறது. நம் மாணவருக்கு அந்த அவகாசம் இல்லை. ஒரு நாள்கூடப் பொறியியல் படிக்காமலே துறையை முடிவு செய்கிறார். அதனாலேயே பட்டியலின் வரிசை இன்னும் கனமாகிறது. மெக்கானிக்கலில் நான்காண்டு என்ன படிப்பார்கள், சிவில் படித்தவர் எங்கே வேலை செய்கிறார் என்று விசாரிக்க வேண்டிய நேரம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த நாளிலிருந்து தொடங்குகிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. பள்ளி ஆசிரியர்கள்தான் அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலை முதலில் ஒரு தாளில் பிள்ளையே எழுதட்டும். அடுத்தடுத்து வரும் வரிகளை இரண்டிரண்டாகக் காட்டி, "இரண்டும் கிடைத்தால் எதில் சேர்வாய்?" என்று மட்டும் கேளுங்கள். கீழ்வரியைச் சொன்னால் அதை மேலே மாற்றி எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பார்த்து, வரிசை மாறாமல் கணினியில் ஏற்றுங்கள்.