எண்ணெய் ஒழுகும் யந்திரம்

சித்திரை பிறந்ததும் இராமேசுவரம் கடற்கரையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 2017-ஆம் ஆண்டுக்கு முன் இது 45 நாளாகத்தான் இருந்தது. மீன்கள் இனம் பெருக அரசாங்கம் விதித்த ஓய்வு. ஆனால் படகுக்காரருக்கு ஓய்வேது? வலையைச் செப்பனிடுவதும், பலகை இடுக்கை அடைப்பதும், யந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதும் இந்த நாட்களில்தான்.

பிரித்துப் பார்க்கும்போது அடிக்கடி கண்ணில் படுவது, அச்சு வெளியே வரும் இடத்தில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு. "கொஞ்சம் ஒழுகினால் என்ன, ஊற்றிக்கொண்டால் போயிற்று" என்பார் சிலர். தரையில் ஓடும் மோட்டாருக்கு இது சரியாக இருக்கலாம். கடலில் அப்படியல்ல. எண்ணெய் வற்றினால் பேரிங் இறுகும், யந்திரம் நிற்கும், நின்ற படகு நீரோட்டம் இழுத்த பக்கம் போகும். பாக் நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் எல்லைக்கோடு வகுத்தது 1974-இல். அந்தக் கோட்டைத் தண்ணீரின் மேல் யாரும் பார்க்க முடியாது. தாண்டிவிட்டால் படகு பறிபோகும், ஆட்கள் சிறை காணவும் நேரும். ஒரு ரப்பர் வளையத்தை அலட்சியம் செய்ததற்கு இது பெரிய தண்டனையல்லவா?

அந்த வளையத்தைத்தான் ஆயில் சீல் என்கிறோம். இரும்புக் கூட்டின்மேல் ரப்பர்; உள்விளிம்பில் மெல்லிய உதடு; உதட்டை அச்சோடு அணைத்துப் பிடிக்க நூல்போல் ஒரு சுருள் கம்பி. முற்காலத்தில் தோலால் செய்தார்கள். செயற்கை ரப்பர் வந்த பிறகு தோல் ஒதுங்கிவிட்டது. சூட்டில் ரப்பர் விறைத்துப்போகும். மணல் துகளோ உப்புத் துருவோ புகுந்தால் உதடு தேயும், அச்சிலும் வடு விழும்.

சீலைக் குற்றம் சொல்லுமுன் யந்திரத்தின் மூச்சுக் குழாயைப் பார்த்துவிடுங்கள். அது பிசுக்கால் அடைபட்டால் உள்ளே காற்று அழுத்தி, நல்ல சீல் வழியாகவும் எண்ணெயைத் தள்ளும். புதுச் சீல் போட்டும் ஒழுகுகிறதென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பிறகு அந்த இடத்தைத் துடைத்து, முகப் பவுடரைத் தூவிச் சிறிது நேரம் ஓட்டினால் கசியும் வாய் தெரிந்துவிடும்.

வல்லத்துச் சிறு யந்திரத்தின் முன்பக்கச் சீலை வீட்டு முற்றத்திலேயே மாற்றலாம். பின்பக்கத்துக்குக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்; பெரிய லாஞ்சில் அதை மிஸ்திரியிடம் விடுவதே மேல்.

எண்ணெயை வடித்து, கப்பியைக் கழற்றியபின் பழைய சீலை நெம்பி எடுக்கவேண்டும். திருப்புளி அச்சில் கீறிவிடக்கூடாது. ஒரு கீறல் போதும், புதுச் சீலும் வீண். பழைய சீலின் முகத்தில் 35, 52, 7 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும். உள்விட்டம், வெளிவிட்டம், கனம், எல்லாம் மில்லிமீட்டரில். கடையில் அதைக் காட்டினால் பேச்சே வேண்டாம்.

புதுச் சீலின் கம்பியுள்ள பக்கம் எண்ணெயை நோக்கி உள்ளே போகவேண்டும். திருப்பிப் போட்டால் முதல் நாளே ஒழுகும். உதட்டில் எண்ணெய் தடவுங்கள். அச்சிலுள்ள சாவிப் பள்ளத்தின்மேல் மெல்லிய டேப் சுற்றிக்கொண்டால் உதடு கிழியாது. பிறகு சரியான அளவுக் குழாய்த் துண்டையோ மரக்கட்டையையோ வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டவேண்டும். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொள்ளும். அச்சில் பழைய வடு இருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் முன்தள்ளி நிறுத்துவது அனுபவசாலிகளின் உபாயம். உதடு புது இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

வடித்த எண்ணெயைத் தகரத்தில் பிடித்து வையுங்கள். தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளப் பாறைகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கடலில் கொட்டினால் அலை அதை அங்கேயும் கொண்டுபோகும்.

கடைசியாக ஒன்று. சுக்கானுக்கு முன்னே, விசிறி அச்சு படகை விட்டு வெளியேறும் இடத்தில் துளித்துளியாகத் தண்ணீர் சொட்டுவதைக் கண்டு பதறவேண்டாம். அங்கே இருப்பது கயிற்று அடைப்பு. ஓடும்போது நிமிஷத்துக்குச் சில துளி சொட்டினால்தான் அது குளிர்ந்திருக்கும். அதையும் நிறுத்துகிறேன் என்று திருகி இறுக்கினால் கயிறு கருகும், அச்சும் தேயும்.