‘தனிநபர் தகவல், தர இயலாது’ என்று பதில் வந்தால்

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் மலைச்சாலையில் இருக்கிறது நாட்றாம்பாளையம். சுற்றிலும் காடு, காவிரியைத் தாண்டினால் கர்நாடகம். ராகி முற்றும் காலத்தில் இந்த வட்டாரத்துக் கொல்லைகளில் யானை இறங்குவது வழக்கம். தின்றதைவிட மிதித்தது அதிகமாக இருக்கும். வனத்துறை பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடு கொடுக்கிறது. ஒருவருக்குக் கிடைத்து, பக்கத்துக் கொல்லைக்காரருக்குக் கிடைக்காமல் போனால், யார் யாருக்கு எந்தக் கணக்கில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்க 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அப்படிக் கேட்டால் வரக்கூடிய பதில் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது: ‘பயனாளிகளின் விவரம் தனிநபர் தகவல்; பிரிவு 8(1)(ஜே)-யின்படி தர இயலாது.’ இந்தப் பதிலுக்குச் சட்டத்தில் எவ்வளவு பலம், அதை எப்படி எதிர்கொள்வது என்பதே இங்கே பேச்சு. அந்தரங்கத்தைக் காக்க ஒரு தாளில் உள்ள மூன்று நான்கு எண்களை மறைத்தால் போதும், தாளையே பூட்டி வைக்க வேண்டியதில்லை, அதற்கான அதிகாரம் பொதுத் தகவல் அலுவலரின் கையில் இன்றும் இருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் மாறியது என்ன என்று பார்க்கலாம். பழைய 8(1)(ஜே), தனிநபர் தகவல் என்பதற்காக மட்டும் எதையும் மறுக்க விடவில்லை. கேட்ட தகவலுக்குப் பொது நடவடிக்கையோடு சம்பந்தம் உண்டா, கொடுத்தால் ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைந்ததாகுமா, அப்படியே ஆனாலும் அதைவிடப் பெரிய பொதுநலன் இருக்கிறதா என்று அதிகாரி யோசித்தாக வேண்டும். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாத தகவலைச் சாதாரணக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு வரியும் கூடவே இருந்தது. 2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னுடைய 44(3)-ஆம் பிரிவால் இதையெல்லாம் எடுத்துவிட்டு, ‘தனிநபர் தகவல் தொடர்பான தகவல்’ என்பதை மட்டும் மிச்சம் வைத்தது. 2025 நவம்பர் நடுவில் விதிகள் அறிவிக்கப்பட்டபோது இந்தத் திருத்தம் உடனே நடைமுறைக்கு வந்தது. நம்மைப் பற்றி வைத்திருக்கும் தரவைப் பார்க்கவும் திருத்தவும் அதே சட்டம் நமக்குத் தரும் உரிமைகளோ பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் வருகின்றன. மறுக்கும் வசதி முதல் நாளே வந்துவிட்டது, கேட்கும் உரிமைக்குத் தவணை. இந்த வரிசையை யார் யோசித்தார்களோ!

இந்த வரிகள் கடைசியில் வந்து சேருவது ஒரு மேசைக்கு. தாலுகா ஆபீஸ், ஒன்றிய அலுவலகம், வனச்சரக அலுவலகம் என்று எங்கு போனாலும் பொதுத் தகவல் அலுவலர் என்பது பெரும்பாலும் தனி வேலையல்ல, வேறு வேலை பார்க்கும் ஒருவருக்குக் கூடுதல் பொறுப்பு. சான்றிதழ், பட்டா மாறுதல், தேர்தல் பணி, மேலிடத்துக் கூட்டம் இவற்றுக்கு நடுவே வருகிற தகவல் மனுவைத் தொல்லையாகப் பார்க்கவே அவருக்குத் தோன்றும். கனடாவில் தகவல் பெறும் சட்டமும் அந்தரங்கச் சட்டமும் 1983-இல் ஒன்றாகவே நடைமுறைக்கு வந்தன. இரண்டையும் சேர்த்துக் கவனிக்க அங்கே துறைதோறும் தனிப் பிரிவு வைத்து, அதற்கென்றே பழகிய ஆட்களை அமர்த்தியிருக்கிறார்கள். எதைக் கொடுப்பது, எதை மறைப்பது என்று கோப்பைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பதே அவர்களுடைய தொழில். நம்மூரில் அந்தத் தொழிலை ஒரு முத்திரையும் நாலு வரியும் போட்டு முடித்துவிடலாம் என்ற நிலை வந்தால், நேரமில்லாத அலுவலர் அந்த வழியைத்தான் எடுப்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்லத் தேவையில்லை.

யானைச் சேத இழப்பீட்டுப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். விவசாயி பெயர், ஊர், சர்வே எண், பயிர், சேதமான பரப்பு, பார்வையிட்ட தேதி, பரிந்துரைத்த அலுவலர், தொகை; அதற்கப்புறம் வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், செல்போன் எண். இந்தத் தகவல்களில் ஊருக்குத் தெரிய வேண்டியவை எவை? தொகை வரைக்கும் உள்ள எல்லாமும். அது அரசுப் பணம், அரசு அலுவலர் பார்த்து எழுதிய அளவு. சர்வே எண் தெரிந்தால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத் தமிழக அரசின் இணையச் சேவையிலேயே பார்த்துக்கொள்ளலாம்; அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கடைசி மூன்று எண்கள் யாருக்கும் தேவையில்லை, வெளியே போனால் திருட்டுக்குத்தான் உதவும். நகல் எடுத்து, அந்த மூன்றின் மேலும் கறுப்பு மையை இழுத்து, மறுபடி ஒரு நகல் எடுத்தால் வேலை முடிந்தது. இதைச் செய்யச் சொல்வது சட்டத்தின் 10-ஆம் பிரிவு: விலக்குள்ள பகுதியைப் பிரித்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாம், எதைப் பிரித்தோம், ஏன் பிரித்தோம், முடிவெடுத்தவர் யார் என்று மனுதாரருக்கு எழுத வேண்டும். அந்தப் பிரிவை 2023-ஆம் ஆண்டுச் சட்டம் தொடவில்லை. அதேபோல 4(1)(பி) பிரிவும் அப்படியே இருக்கிறது. மானியத் திட்டங்களில் ஒதுக்கிய தொகை, பயனாளிகளின் விவரம், சலுகையும் அனுமதியும் பெற்றவர்களின் விவரம் ஆகியவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது அது. 8-ஆம் பிரிவு மற்ற பிரிவுகளை மீறி நிற்கிறதே என்று ஓர் அதிகாரி சொல்லலாம். உண்மைதான், ஆனால் அந்தப் பிரிவு கொடுக்கும் கடமையிலிருந்து விலக்குத் தருகிறதே தவிர, கொடுக்கக் கூடாது என்று தடை போடவில்லை. சட்டப்படி வெளியிட வேண்டிய தரவு தன் வரம்புக்குள் வராது என்று தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே சொல்கிறது.

அந்தரங்கம் முக்கியமில்லை என்று யாரும் சொல்லவில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. ஆனால் அரசு அலுவலகங்களிலிருந்து அந்தரங்கம் கசிந்த பெரிய சம்பவங்களைப் பாருங்கள். 2017 ஏப்ரலில் ஜார்க்கண்ட் அரசின் ஓய்வூதியத் தளத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரின் ஆதார் எண்கள் திறந்து கிடந்தன. 2021-இல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தைச் சேர்ந்த ஏறக்குறைய 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்துவிட்டதாக பெங்களூரு நிறுவனம் ஒன்று எச்சரித்தது. இரண்டுக்கும் எந்தத் தகவல் மனுவும் காரணமில்லை. கவனக்குறைவாகப் பதிவேற்றியதும் பூட்டாமல் வைத்ததும் செய்த வேலை அது. சின்ன ஊரில் இன்னொரு கசிவு உண்டு, அதைப் பற்றிப் பேசுவார் குறைவு. மனுப் போட்டவர் யார் என்பது, மனுவுக்குப் பதில் தயாராவதற்கு முன்பே சம்பந்தப்பட்ட ஒப்பந்தக்காரருக்குப் போய்விடும். காரணம் கேட்கக் கூடாது, தொடர்பு கொள்ளத் தேவையானது தவிர வேறு சொந்த விவரமும் கேட்கக் கூடாது என்பது 6(2)-ஆம் பிரிவு. உயிருக்கு ஆபத்து என்று அஞ்சுபவர் வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுக்கலாம் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-இல் சொன்னது. அதை ஒட்டி மத்திய அரசும் சுற்றறிக்கை அனுப்பியது. நாட்டில் தகவல் கேட்டதற்காகவே கொல்லப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தரங்கத்தின் மேல் உண்மையான அக்கறை உள்ள அலுவலர் முதலில் காக்க வேண்டியது மனுதாரரின் முகவரியை.

எதிர்த்தரப்பில் சொல்வதற்கும் விஷயம் இருக்கிறது. தகவல் மனுவை வைத்துப் பணம் பறிப்பவர்கள் உண்டு, ஒரே ஆள் நூறு மனுப் போட்டு அலுவலகத்தை முடக்குவதும் உண்டு. 2011-இல் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றமே, அரசு ஊழியர்கள் தங்கள் நேரத்தில் முக்கால்வாசியைத் தகவல் திரட்டுவதிலேயே செலவிடும் நிலை வரக் கூடாது என்று கவலைப்பட்டது. பறிப்புத் தொழிலுக்கு மருந்து மறுப்பதில் இல்லை. பட்டியலை அலுவலகப் பலகையில் ஒட்டிவிட்டால் அதை விற்க யாராலும் முடியாது. எல்லோருக்கும் தெரிந்ததை மறைக்க யார் காசு கொடுப்பார்கள்? ராஜஸ்தானில் 1990-களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் மக்கள் மன்றங்களில் வேலைப் பட்டியலை உரக்கப் படித்தபோது, செத்தவர் பெயரிலும் ஊரில் இல்லாதவர் பெயரிலும் கூலி போனது வெளிச்சத்துக்கு வந்தது. பெயரை நீக்கிவிட்டு ‘பயனாளி 1, பயனாளி 2’ என்று படித்திருந்தால் ஒருவரும் எழுந்து ‘அது என் அப்பா, செத்துப் பல வருஷமாயிற்று’ என்று சொல்லியிருக்க முடியாது. இந்தச் சட்டத்துக்கான போராட்டமே அங்கிருந்துதான் வளர்ந்தது.

மத்திய அரசு இன்னொரு பதில் வைத்திருக்கிறது: பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்ற 8(2) அப்படியே இருக்கிறது, ஆகவே நஷ்டமில்லை. இது பாதி உண்மை. முன்பு பொதுநலனை எடைபோடுவது மறுக்கிறவரின் கடமையாக இருந்தது, இனி அது கேட்பவர் எடுத்துவைக்க வேண்டிய வாதம். தவிர, 8(2) அந்த அதிகாரத்தைப் பொது அதிகார அமைப்புக்குக் கொடுக்கிறது. ஒரு சரக அலுவலகத்து அலுவலர் தானே முடிவெடுக்கத் தயங்கி, கோப்பை மேலே அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். சின்ன அதிகாரி எதற்கு வம்பு என்று நினைப்பது இயல்பு என்றால், அவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்ததற்கு 21-ஆம் பிரிவின்படி அவர்மேல் வழக்கு வராது. 20-ஆம் பிரிவின் அபராதம், நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை, நியாயமான காரணமின்றித் தாமதிப்பவருக்கும் கெட்ட எண்ணத்தோடு மறுப்பவருக்கும்தான். சந்தேகமிருந்தால் 11-ஆம் பிரிவில் வழி இருக்கிறது: மூன்றாம் தரப்பினருக்கு 5 நாளில் கடிதம் அனுப்பி, 10 நாள் அவகாசம் கொடுத்து, அவர் ஆட்சேபத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

இனி மனுதாரர் செய்ய வேண்டியது. மனுவிலேயே, ஆதார், வங்கிக் கணக்கு, செல்போன் எண்களை மறைத்துவிட்டு 10-ஆம் பிரிவின்படி மீதியைக் கொடுக்கவும் என்று எழுதிவிடுங்கள். மறுக்க நினைப்பவரின் பாதிக் காரணம் அங்கேயே விழுந்துவிடும். 4(1)(பி)-யைக் குறிப்பிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை என்றாலும், இப்போதைக்கு இரண்டு வரியில் பொதுநலனைச் சொல்லிவைப்பது 8(2)-க்கு உதவும். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகையோடு தபாலில் அனுப்பலாம், இணையவழியும் உண்டு. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அதை எழுதிக்கொடுக்க உதவுவது அலுவலரின் கடமை. பதிலுக்கு 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம். பதில் வராவிட்டாலும் மறுத்தாலும் 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதன்பின் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே, மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது, பிரிவு 19(5). பலருக்கும் தெரியாத ஒன்று 8(3): நிகழ்ச்சி நடந்து 20 ஆண்டு ஆகிவிட்டால் தனிநபர் தகவல் என்ற காரணமே செல்லாது. காட்டோரக் கிராமங்களில் பழைய நிபந்தனைப் பட்டா, நில ஒப்படைக் கோப்புகளைத் தேடுபவர்களுக்கு இது பெரிய துணை.

ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்களுக்கும் இதில் இடமுண்டு. தனியார் கம்பெனியிடம் நேரே தகவல் மனுப் போட முடியாது. ஆனால் வேறொரு சட்டத்தின்படி அரசு அலுவலகம் அந்தக் கம்பெனியிடம் கேட்டுப் பெறக்கூடியதை அந்த அலுவலகத்திடம் கேட்கலாம் என்கிறது 2(எஃப்): தொழிற்சாலை ஆய்வு அறிக்கை, ஒப்பந்தக்காரரின் உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி. அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கம் வேலைக்குப் போகிறவரின் கோப்பு கர்நாடகத்துத் தொழிலாளர் துறையில் இருக்கும். அதற்கு அஞ்செட்டியில் மனுக் கொடுத்துக் காத்திருப்பதைவிட நேரே அங்கேயே கொடுப்பது நல்லது. தமிழில் எழுத முடியாது. கன்னடம், ஆங்கிலம், இந்தி மூன்றில் ஒன்றில் எழுத வேண்டும். அந்த மாநில விதிப்படி ஒரு மனுவில் ஒரு விஷயம்தான், அதுவும் 150 சொல்லுக்குள். கூலி பாக்கியும் பி.எஃப். பிடித்தமும் தனித்தனி விஷயம், தனித்தனி மனு, தனித்தனி 10 ரூபாய், பி.எஃப். மனு போக வேண்டியதோ மத்திய அரசின் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்துக்கு.