ஆண்டில் இரண்டு வாரம் மட்டும் திறக்கும் பாதை

இணுவிலில் காடு இல்லை. செம்மண் உள்ள இடமெல்லாம் தோட்டம், தோட்டம் முடிந்த இடத்தில் வீடு, வீட்டைச் சுற்றி வேலி, வேலிக்கு அப்பால் ஒழுங்கை. புகையிலையும் வாழையும் மரவள்ளியும் மாறிமாறி நிற்கிற ஊரில் சும்மா கிடக்கும் நிலம் என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. நாலு பனை கூடி நின்றால் அதைப் பனங்கூடல் என்போம், அவ்வளவுதான். காடு பார்க்க வேண்டுமென்றால் ஆனையிறவு தாண்டி வன்னிக்குள் இறங்க வேண்டும்.

அப்படிப்பட்ட யாழ்ப்பாணத்து மண்ணிலிருந்துதான் இலங்கையின் மிக நீண்ட காட்டு நடை புறப்படுகிறது. தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகனை வணங்கி, வேலைக் கையில் ஏந்தி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாகவே இறங்கி, ஒன்றரை மாதத்துக்கும் மேலாக நடந்து கதிர்காமத்தில் முடிகிற பாதயாத்திரை. போர் வடக்கிலிருந்து போகும் வழியைப் பல ஆண்டுகள் அடைத்து வைத்திருந்தது. இப்போது மறுபடியும் நடக்கிறார்கள். வழியில் சேர்கிறவர்களையும் கூட்டினால் கடைசிக் கட்டத்தில் பல்லாயிரம் பேர்.

அந்தக் கடைசிக் கட்டம்தான் நமது விஷயம். பொத்துவிலுக்குத் தெற்கே உகந்தை முருகன் கோவிலோடு ஊர் முடிகிறது. அதற்கு அப்பால் குமண தேசியப் பூங்கா. கும்புக்கன் ஆறு அதன் தெற்கு எல்லை, ஆற்றைக் கடந்தால் யால. குமண 35 ஆயிரம் ஹெக்டயருக்குச் சற்றுக் கூட, யால ஏறக்குறைய 98 ஆயிரம் ஹெக்டயர். நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று ஒவ்வொரு தங்குமிடமாகத் தாண்டி, ஐந்தாறு நாளில் கதிர்காமம்.

யாலவுக்குச் சுற்றுலாப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஜீப்பை விட்டுக் கால் கீழே வைக்கக் கூடாது. சிறுத்தை, கரடி, யானை எல்லாம் உண்டு. 1938 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிற, சட்டத்தால் இறுகக் கட்டிய அரச வனம் அது. அதே வனத்தின் வழியாக ஆடித் திருவிழாவை ஒட்டி ஏறக்குறைய இரண்டு வாரம், கிழவி, குழந்தை, சமையல் சாமான், பாய், தண்ணீர்ப் போத்தல் சகிதம் சனம் நடக்கிறது. பாதிப் பேர் வெறுங்கால். பிறகு பாதை பூட்டப்படுகிறது. அடுத்த ஆடி வரை அது மிருகங்களின் வழி.

பல்லாயிரம் பேர் மிதித்தும் காடு எப்படிக் காடாகவே நிற்கிறது? பக்தர்களிடம் கேட்டால் விடை ஒரு சொல்லில் வரும். மண்ணிடம் கேட்டால் கொஞ்சம் நீளமாக வரும்.

முதலில், ஒற்றையடிப் பாதை எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கலாம். கோவில் வீதியின் வெறுங்காணியைக் குறுக்கே கடப்பவர்கள் யாரும் பேசி வைத்துக்கொண்டு நடப்பதில்லை. ஒருவர் நடந்தால் புல் சற்றுச் சாயும். சாய்ந்த புல்லில் நடப்பது அடுத்தவருக்கு லேசு, அதனால் அவரும் அதையே பிடிப்பார். டிர்க் ஹெல்பிங் என்ற இயற்பியலாளரும் அவருடைய தோழர்களும் 1997இல் 'நேச்சர்' இதழில் இதைக் கணிதமாக்கிக் காட்டினார்கள். ஜெர்மனியில் ஸ்ருட்கார்ட் பல்கலைக்கழக வளாகத்துப் புல்வெளியில் மாணவர்கள் போட்ட தடங்கள் அவர்களுக்கு உதாரணம். நேர்கோட்டில் போகும் ஆசையும், ஏற்கெனவே மிதிபட்ட இடத்தில் நடக்கும் சுகமும் ஒன்றோடொன்று இழுபட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு வளைவில் பாதை நிலைபெறுகிறது. யாரும் வரையாத கோடு, ஆனால் எல்லோரும் ஒத்துக்கொண்ட கோடு. யானையும் இப்படித்தான் தடம் போடுகிறது. சரிவு குறைந்த வழியைப் பிடிப்பதில் அதற்கு நிகரான நில அளவையாளர் கிடையாது.

ஒரே கோட்டில் எல்லோரும் மிதித்தால் அந்தக் கோடு நாசம்தானே, பரந்து நடந்தால் பாரம் பங்கிடப்படும் அல்லவா? அப்படித்தான் எவருக்கும் முதலில் தோன்றும். டேவிட் கோலும் நீல் பேஃபீல்டும் 1993இல் இதைச் சோதிக்க ஒரு பொது முறையை வகுத்தார்கள். அரை மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் நீளமும் உள்ள துண்டுகளாக நிலத்தைப் பிரித்து, ஒன்றில் 25 தடவை நடப்பது, அடுத்ததில் 75, பிறகு 200, பிறகு 500. ஒரு துண்டை மிதிக்காமலே விடுவது. இதே முறையில் உலகின் பல காடுகளில் ஆட்கள் பொறுமையாக முன்னும் பின்னும் நடந்து எண்ணினார்கள். விஞ்ஞானத்தில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறது!

கிடைத்த விடை திரும்பத் திரும்ப ஒரே வடிவம். முதல் சில பத்து, சில நூறு நடைகளிலேயே சேதத்தின் பெரும்பகுதி நடந்துவிடுகிறது. காட்டு நிழலில் வளரும் மெல்லிய அகன்ற இலைச் செடிகளும் பன்னங்களும் முதலில் போய்விடும். புல் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் அதன் முளை மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது. எல்லாம் போன பிறகு ஐந்நூறாவது ஆள் நடந்தால் என்ன, ஐயாயிரமாவது ஆள் நடந்தால் என்ன, கூடுதலாகக் கெட அங்கே அதிகம் மிஞ்சியிருப்பதில்லை. ஆகவே ஐயாயிரம் பேர் ஒரே வரிசையில் போனால் காட்டுக்கு ஒரு நாடா அளவு நிலம் நட்டம். அவர்களே நூறு வழியாகப் பிரிந்து போனால் நூறு நாடா. முன்னால் போகிறவரின் அடியைப் பார்த்துக் காலை வைக்கும் யாத்திரிகர், யானைக்குப் பயந்து வரிசை குலையாமல் போகிறார். அந்தப் பயம் காட்டுக்குச் செய்கிற நன்மையை எந்த அறிவித்தல் பலகையும் செய்யாது.

செடி போவது கண்ணுக்குத் தெரியும். அடியில் நடப்பது தெரியாது. நல்ல காட்டு மண்ணை அள்ளிப் பார்த்தால் அது பதமாகக் குழைத்த புட்டு மாப் போலிருக்கும். உருண்டை உருண்டையாக, இடையிடையே வெற்றிடம். அந்த வெற்றிடங்கள் வழியாகத்தான் மழைநீர் இறங்குகிறது, வேர் மூச்சு விடுகிறது. ஈரமாக இருக்கும்போது அதை அமுக்கினால் உருண்டைகள் நசிந்து இடைவெளி அடைபடும். அதன் பிறகு மழை பெய்தால் நீர் உள்ளே போகாது, பாதை மேலேயே ஓடும். சரிவான இடமென்றால் பாதை வாய்க்காலாகிவிடும். வாய்க்காலில் நடக்க விரும்பாதவர் ஓரத்தில் ஏறுவார். ஓரமும் வாய்க்காலாகும்.

மண் உலர்ந்து கிடக்கையில் கதை வேறு. காய்ந்த மண்ணின் துணிக்கைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கும். அதே பாதம் அதே பாரத்தோடு மிதித்தாலும் அவ்வளவாக நசியாது. குமணவிலும் யாலவிலும் மழை வாடைக் காற்றோடு வருவது, ஐப்பசிக்குப் பிறகு. தென்மேல் பருவ மழையை மலைநாடு மறித்துக்கொள்வதால் ஆடியில் அங்கே நிலம் வெடித்துக் கிடக்கும். திருவிழாவுக்கு நாள் குறித்தவர்கள் மண் அமுக்கத்தைக் கணக்கில் எடுத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மண் விஞ்ஞானியிடம் நாள் கேட்டிருந்தாலும் அவர் இதற்குக் கிட்டத்தான் குறித்துக் கொடுத்திருப்பார். சனம் போய்ச் சில மாதத்தில் மழை வந்துவிடுகிறது. கறையான், வேர், மண் வீங்கிச் சுருங்கும் இயல்பு மூன்றும் சேர்ந்து அடைபட்ட இடைவெளிகளைத் திறக்க, மிச்ச மாதங்கள் முழுவதும் அவற்றுக்குக் கிடைக்கின்றன.

இதற்கு நேர்மாறான இடத்தைப் பார்க்க நுவரெலியாப் பக்கம் ஹோட்டன் சமவெளிக்குப் போக வேண்டும். 1988இல் தேசியப் பூங்காவாகிய அந்த மேட்டு நிலம் கடல் மட்டத்திலிருந்து 2000 மீற்றருக்கு மேல். இலங்கையின் தேசியப் பூங்காக்களில் ஆட்கள் தம்பாட்டில் நடக்க விடப்படுவது பெரும்பாலும் அங்கேதான். 'உலக முடிவு' என்ற மலை விளிம்பைப் பார்த்துத் திரும்பும் வட்டப் பாதை ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோமீற்றர். அங்கே மண்ணுக்கு விடுமுறை இல்லை. ஆண்டு முழுவதும் ஈரம், ஆண்டு முழுவதும் சனம். குளிரில் செடி வளர்வதும் மெதுவாகத்தான். அப்படிப்பட்ட இடத்தில் கல் பதிக்க வேண்டும், படி கட்ட வேண்டும், நீரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். யாத்திரைப் பாதைக்கு இதெல்லாம் வேண்டாம். அதற்கு வேண்டியது பூட்டு மட்டும்தான். இரண்டு வாரத்தை ஒரு மாதமாக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது நியாயமாகத் தோன்றலாம், ஆனால் அந்தப் பாதையைக் காப்பாற்றுவதே மூடியிருக்கும் காலம்தான் என்பது என் எண்ணம்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு காட்சி சொல்ல வேண்டும். ஆடியில் வள்ளியம்மன் ஆறு வெறும் மணல். அந்த மணலில் ஒருவர் குந்தி இருந்து கையால் தோண்டத் தொடங்குவார். முதலில் சுடுமணல், பிறகு குளிர்மணல், முழங்கை ஆழத்துக்குக் கீழே மணல் கறுத்து, விரல் வைத்த இடம் பளபளக்கும். கொஞ்சம் பொறுத்தால் குழியின் அடியில் நீர் ஊறிச் சேரும். முதல் நீர் கலங்கல், அதை இறைத்து ஊற்றிவிட்டால் அடுத்தது தெளிவு. ஆறு செத்துவிடவில்லை, மணலுக்குள் மெல்ல நகர்கிறது. வெயில் ஆவியாக்க முடியாத ஆழத்தில், மணலே வடிகட்டியாக இருக்கிற ஓட்டம் அது. யானையும் காலாலும் தும்பிக்கையாலும் இதையேதான் செய்யும், அது தோண்டிவிட்டுப் போன குழியில் சின்ன மிருகங்கள் குடிக்கும். இப்போது வழியில் தண்ணீர்த் தாங்கிகள் வைக்கிறார்கள், நல்லதுதான், வயதானவர்கள் தப்பினார்கள். ஊற்றுத் தோண்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள் என்பது அதன் மறுபக்கம்.

மிருகங்கள் என்ன செய்கின்றன? ஆறு கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரை, மனிதர் புழங்கும் இடங்களில் அவை தங்கள் நடமாட்டத்தை இரவுக்கு மாற்றிக்கொள்வதைக் காட்டியது. நடந்து போகிற ஆள், வாகனத்தில் போகிற ஆளைவிட அவற்றைக் கூடுதலாக வெருட்டுகிறான் என்பதும் பல இடங்களில் கண்டதுதான். ஜீப் என்பது அவற்றுக்குப் பழகிப்போன ஒரு பெரிய பொருள், இரண்டு காலில் நிமிர்ந்து நடப்பதோ பழைய எதிரி. 'அரோகரா' சத்தம் கேட்டால் யானை விலகிப் போகும் என்று சாமிமார் சொல்வதில் பக்தியும் இருக்கிறது, விலங்கியலும் இருக்கிறது. தூரத்திலேயே சத்தம் கேட்டால் விலக அதற்கு நேரம் கிடைக்கிறது. திடீரென்று முகத்துக்கு முகம் சந்திப்பதுதான் ஆபத்து.

உண்மையான சேதம் பாதையில் இல்லை, தங்குமிடத்தில். நடக்கும்போது வரிசை இருக்கிறது, படுக்கும்போது இல்லை. ஒவ்வொரு குழுவும் தனக்கொரு மரநிழலும் அடுப்பும் தேடும்போது நிலம் அகலமாக மிதிபடுகிறது. விறகுக்காக எடுக்கிற காய்ந்த கொப்பு, வண்டுக்கும் காளானுக்கும் வீடு. ஆற்றங்கரை மருத மரங்களின் அடியில்தான் எல்லோரும் கூடுகிறார்கள், கழிவும் அங்கேதான் கூடுகிறது. பொலித்தீன் பை இன்னும் மோசம். சாப்பாட்டு மணம் ஏறிய பையை மான் தின்றால் அது குடலை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஆண்டும் தொண்டர்கள் பின்னால் போய்ப் பொறுக்குகிறார்கள். அன்னதானம் கொடுப்பவர்கள் வாழையிலையோ தாமரையிலையோ பிடிவாதமாக வைத்திருந்தால் அந்தத் தொண்டர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு யாத்திரையும் கூடவே போகிறது. வேட்டிக் கரையில் ஒட்டிய நாயுருவியை ஒன்று பிய்த்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். விதையைச் சுற்றி முள் போன்ற கூரிய செதில்கள். காம்பில் இருக்கும்போதே அவை கீழ்நோக்கித் திரும்பி நிற்கும். துணி மேலே உரசிப் போனால் முள் துணியில் இறங்கி, விதை காம்பிலிருந்து கழன்று கூடவே வந்துவிடும். நாயுருவி பழைய ஊர்ச் செடி, அதனால் பயமில்லை. பயம் பாத்தீனியத்தைப் பற்றி. யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, பிடுங்கினால் கை சொறியும், பிடுங்காவிட்டால் காணி போகும். ஒரு செடியே பல ஆயிரம் விதை போடும். ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீற்றர் அளவு. செருப்பின் அடிச் சேறு, பாயின் மடிப்பு, சாமான் சாக்கின் தையல் எதிலும் அது இருந்துகொள்ளும். சந்நிதியில் கட்டிய மூட்டை உகந்தையில் அவிழும்போது என்ன உதிர்கிறது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். மிதிபட்டு வெறுமையான பாதையோரம்தான் இந்த மாதிரிச் செடி முளைக்க மிகப் பிடித்த இடம்.

நியூசிலாந்தில் காட்டு நடைப் பாதைகளின் வாசலில் தூரிகையும் மருந்து நீரும் வைத்திருக்கிறார்கள். சப்பாத்தில் ஒட்டிய மண்ணோடு பரவும் ஒரு நுண்ணுயிர், அங்கே பல நூறு வயதான கவுரி மரங்களை வேரில் அழுக வைத்துக் கொல்கிறது. சப்பாத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். ஓக்லாந்துக்குப் பக்கத்தில் வைத்தாகெரே மலைக்காட்டில் அதுவும் போதாமல் 2018இல் பாதைகளையே மூடினார்கள். உகந்தையில் மருந்து நீர் தேவையில்லை. யாத்திரிகர்கள் காட்டுக்குள் இறங்குமுன் கடலில் குளிக்கிறார்கள், கோவிலில் கும்பிடுகிறார்கள், பெயர் பதிகிறார்கள். அந்த வரிசையிலேயே மூட்டையை ஒரு படங்கின் மேல் அவிழ்த்து உதறி, செருப்பின் அடியைச் சுரண்டி, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி அங்கேயே எரித்துவிடலாம். வேண்டியது ஒரு படங்கு, ஒரு விளக்குமாறு, மேற்பார்க்க ஒரு ஆள்.