சாக்கில் கிடந்த அரிசிமணி

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருந்த ஒருவர் என்னிடம் கேட்டார்: "எங்கட நாய் படுக்கிற சாக்கில வெள்ளை அரிசிமணி மாதிரிக் கிடக்குது, ரெண்டொண்டு நெளியுது. மீன்தலை திண்டதாலயோ? மலத்தைப் பாத்தவை புழு இல்லையெண்டினம். ஆரை நம்புறது?"

சாக்கை நம்புங்கள் என்றேன். அவர் கண்டது நாடாப்புழுவின் கழன்ற துண்டுகள். நாய்களில் மிகப் பரவலான இனம் டிப்பிலிடியம் கனைனம். அதற்கும் மீன்தலைக்கும் தொடர்பில்லை. அதைக் கொண்டுவருவது தெள்ளு.

மலப் பரிசோதனை ஏன் ஏமாற்றுகிறது? கொக்கிப்புழுவின் முட்டைகள் மலமெங்கும் கலந்திருக்கும். ஒரு சிட்டிகை போதும், நுணுக்குக்காட்டியில் தெரிந்துவிடும். இந்த நாடாப்புழு முட்டையைச் சிதறவிடுவதில்லை. முதிர்ந்த வால்துண்டுக்குள் அடைத்து, துண்டோடு அனுப்புகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வரும் பஸ்ஸை நினையுங்கள். அந்தத் துண்டுதான் பஸ். உள்ளே முட்டைகள் குடும்பம் குடும்பமாக, ஒரு பைக்குள் முப்பது வரை, நெருங்கி இருக்கின்றன. வழியில் இறங்குவோர் அரிது. சிட்டிகை மலத்தில் பஸ் அகப்படாவிட்டால் பயணியும் அகப்படமாட்டார். பஸ் தானே நெளிந்து சாக்குவரை வந்து, காய்ந்து வெடிக்கிறது. இனிக் கடல், படகு வேண்டும். தெள்ளுதான் படகு. ஆனால் வளர்ந்த தெள்ளின் வாய் இரத்தம் உறிஞ்சும் குழாய், அதில் முட்டை நுழையாது. சாக்குத் தூசியில் கிடக்கும் தெள்ளின் குடம்பிக்குத்தான் கடித்துத் தின்னும் வாய் உண்டு. ஆகவே படகைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே பயணி ஏறிவிடவேண்டும்! குடம்பி தெள்ளாகும், முட்டை இளம்புழுவாகும். அரிப்பில் நாய் அந்தத் தெள்ளைக் கடித்து விழுங்க, படகு குடலென்னும் தீவை அடைகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அங்கிருந்து அடுத்த பஸ் புறப்படும்.

இப்புழுவின் வரலாறு சுருக்கமானது. 1758இல் லின்னேயஸ் பெயரிட்டார். 1869இல் மெல்னிகோவ் இளம்புழுவை நாய்ப்பேனில் கண்டார். தெள்ளின் பங்கை அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இத்தாலியர் கிராசியும் ரொவெல்லியும் காட்டினர்.

வாலடி மயிர், புதிய மலத்தின் மேற்பரப்பு, படுக்கும் சாக்கு, இந்த மூன்றையும் பாருங்கள். புதிய துண்டு வெள்ளரி விதையளவில் நீண்டு சுருங்கும்; காய்ந்தது மஞ்சளித்து அரிசிபோல் இறுகும். எறிந்துவிடாமல் சிறு போத்தலில் துளி நீரோடு மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இரு பக்கமும் ஒவ்வொரு துளை இருந்தால் இந்த இனம்தான்; ஒரு துளை மட்டுமென்றால் வேறு நாடாப்புழு. நசுக்கிப் பார்த்தால் முட்டைப் பைகளும் தெரியும். மனிதருக்கு நீர்க்கட்டி நோய் தரும் எக்கைனோகொக்கஸ் என்ற நாடாப்புழு மட்டும் சில மில்லிமீற்றர் நீளமே. அதைக் கண்ணால் தேடிப் பயனில்லை.

நாய் பின்புறத்தை நிலத்தில் தேய்த்தாலே புழுதான் என்பார்கள். பெரும்பாலும் அது குதச்சுரப்பித் தொல்லை. "எல்லாப் புழுவுக்கும் ஒரே குளிசை" என்பதையும் அப்படியே நம்பவேண்டாம். பைரன்டெல் மட்டும் உள்ள குளிசை நாடாப்புழுவைத் தொடாது, பிராசிகுவான்டெல் கொல்லும். அதுவும் வயிற்றிலுள்ள புழுவைத்தான். நாளை விழுங்கப்போகும் தெள்ளை அது தடுக்காது. தெள்ளைத் தற்செயலாக விழுங்கும் சிறுபிள்ளைக்கும், அரிதாக, இப்புழு வரும்.

படகு வந்தது. ஏறப்போனவரிடம் கடைசியாகச் சொன்னேன்: "குளிசை குடுக்கிற அண்டைக்கே தெள்ளுக்கும் மருந்து போடுங்கோ. சாக்கைக் கொதிதண்ணியில அவிச்சு வெயிலில போடுங்கோ. படகு கட்டுற இடம் அதுதான்."