காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில்

சென்ற வாரம் ஹெல்மெட்டின் அளவு, தாடைப்பட்டி, ஐ.எஸ்.ஐ. முத்திரை ஆகியவற்றைப் பார்த்தோம். அதே ஹெல்மெட்டுக்குள் இன்னொருவர் குரலைக் கொண்டுவந்து சேர்க்கும் இன்டர்காம்தான் இந்த வாரப் பொருள். கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, “எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் கேட்கும்?” என்றுதான். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பதும் அந்த எண்ணைத்தான். ஆனால் கிலோமீட்டரை வைத்து இன்டர்காம் வாங்குவது தவறு என்பது என் கருத்து. கேட்க வேண்டிய கேள்வி வேறு: நெடுஞ்சாலை வேகத்தில், பேச்சு புரியும்படியே ஒலியை எவ்வளவு குறைத்து வைக்க முடிகிறது? இதைத் தீர்மானிப்பது காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவிலும், உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவிலும் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி. பணமும் நேரமும் கவனமும் முதலில் அங்கேதான் போக வேண்டும். அங்கே கோட்டை விட்டவருக்கு எத்தனை விலையுள்ள கருவியாலும் பயன் இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஹெல்மெட்டுக்குள் இருக்கும் இரைச்சல் நாம் நினைப்பதைவிட மிக அதிகம். எஞ்சின்தான் சத்தம் போடுகிறது என்ற எண்ணம் நகரத்துக்குள் ஓட்டும்போது சரி. வேகம் 60, 70 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் எஞ்சினைக் காற்று விழுங்கிவிடுகிறது. ஹெல்மெட்டின் கீழ் விளிம்பிலும் கழுத்தைச் சுற்றியும் சுழன்று கிழிபடும் காற்றின் ஓசை அது. பிரிட்டனின் காது மருத்துவர் ஆண்ட்ரூ மெக்கோம்ப் 1990களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் செவித்திறனை ஆராய்ந்தார். ஹெல்மெட்டுக்குள் எடுத்த அளவீடுகளில் 60 கி.மீ. வேகத்திலேயே இரைச்சல் 90 டெசிபல் அளவுக்கு வந்துவிட்டது, 160 கி.மீ. வேகத்தில் 110 டெசிபலைத் தொட்டது. இந்த எண்களோடு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் தரும் வரம்பைச் சேர்த்துப் பாருங்கள். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம்; 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். சென்னையிலிருந்து திருச்சிக்கு நிறுத்தாமல் ஓட்டுகிறவர், இன்டர்காம் இல்லாமலேயே, செங்கல்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே அன்றைய அளவைச் செலவழித்துவிடுகிறார் என்று பொருள்.

ஏற்கெனவே நிரம்பி வழியும் இந்தக் காதுக்குள்தான் நாம் பேச்சையும் அனுப்புகிறோம். இரைச்சலை மீறினால்தான் பேச்சு புரியும். ஸ்பீக்கர் காதுக்கு நேராக, பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் மீறினால் போதும். விலகியிருந்தால் ஒலியை உச்சத்துக்கு ஏற்ற வேண்டும். அந்த உச்சமும் சேர்ந்து காதைத் தாக்கும். சிறிய ஒலி மூலத்திலிருந்து தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். காதோடு ஒட்டிய ஸ்பீக்கருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் விலக விலக இழப்பு கூடும் என்பது மாறாது. இழப்பு எல்லா ஒலிக்கும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. காற்றின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் உறுமுவது. பேச்சைப் புரியவைப்பது மெய்யெழுத்துகளின் மெல்லிய, உயர்ந்த சுருதி. ஸ்பீக்கர் இரண்டு சென்டிமீட்டர் இறங்கிக் காது மடலின் அடியிலோ தாடை எலும்பிலோ உட்கார்ந்தால் முதலில் காணாமல் போவது அதுதான். உயிரொலி கேட்கும், மெய் கேட்காது. பின்னால் இருப்பவர் “கார்” என்று எச்சரித்தாரா, “பார்” என்று எதையாவது காட்டினாரா என்று ஓட்டுபவர் யோசிக்கும் ஒரு வினாடி சாலையில் மிக நீளமானது.

ஆகவே பொருத்தும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். கன்னப் பஞ்சையும் உள்துணியையும் கழற்றினால் உள்ளே தெர்மாகோல் தெரியும். நல்ல ஹெல்மெட்டுகளில் காதுக்கு நேராக ஸ்பீக்கருக்கென்று ஒரு வட்டக் குழிவு இருக்கும். குழிவு இருக்கிறதே என்று அங்கேயே ஒட்டிவிடக் கூடாது. பலருக்குக் காதின் துளை அந்தக் குழிவின் நடுவுக்கு மேலேயோ முன்னாலேயோதான் வரும். வெல்க்ரோவில் லேசாக ஒட்டிவைத்து, பஞ்சுகளைத் திரும்பப் போட்டு, ஹெல்மெட்டை முழுமையாக அணிந்து பட்டியையும் மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு யாராவது பேசிய பதிவு ஒன்றை மிகக் குறைந்த ஒலியில் ஓடவிட வேண்டும். பாட்டு வேண்டாம், பாட்டில் தாள ஒலி பிழையை மறைத்துவிடும். இப்போது ஹெல்மெட்டைக் கையால் மேலே, கீழே, முன்னே, பின்னே கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். எந்தத் திசையில் தள்ளும்போது பேச்சு தெளிகிறதோ, அந்தத் திசைக்கு ஸ்பீக்கர் நகர வேண்டும். இரண்டு காதுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இரு காதும் ஒரே உயரத்தில் அமைந்தவர்கள் குறைவு. இடம் தெரிந்த பிறகு, பெட்டியில் வரும் திண்டு வட்டுகளை ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வைத்து முன்னே கொண்டுவரலாம். அதன் பஞ்சு காதைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் அரை மணி நேரத்தில் காது மடல் வலிக்கும். வலிக்கிற ஹெல்மெட்டை மக்கள் கழற்றிக் கையில் மாட்டிக்கொள்வார்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு சோதிக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. கருவியின் உடல் இடது பக்கம் இருக்கட்டும். வலது கை ஆக்ஸிலேட்டரை விட முடியாது. உறை மாட்டிய விரலுக்கே பிடிபடும் பெரிய பொத்தான் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மைக்குக்கும் இதே நியாயம்தான். இரைச்சலைக் குறைக்கும் மைக் செய்வது, பக்கத்தில் வரும் ஒலிக்கும் தூரத்திலிருந்து வரும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரிப்பது. உதட்டிலிருந்து மைக் விலகினால் உங்கள் குரலும் அதற்குக் காற்றைப் போலத் தூரத்து ஒலியாகிவிடும். முழுமுக ஹெல்மெட்டில் ஒயர் மைக்கைத் தாடைப் பகுதியின் உட்புறம், வாய்க்கு நேர் எதிரே ஒட்ட வேண்டும். வாய்ப் பகுதி திறந்த ஹெல்மெட்டுக்குத் தண்டு மைக். அது உதட்டின் ஓரத்தைக் கிட்டத்தட்ட உரச வேண்டும். மைக்கில் அம்புக்குறியோ புள்ளியோ இருந்தால் அந்தப் பக்கம் வாயைப் பார்க்க வேண்டும். மேலிருக்கும் பஞ்சு உறையைத் தொலைத்துவிட்டால் அன்றோடு அந்த மைக்கால் பயன் போயிற்று. கீழே திறந்திருக்கும் ஹெல்மெட்டுக்குத் தாடைத் துணி ஒன்று வாங்கி மாட்டினால், மைக்குக்கும் காதுக்கும் ஒருசேர நன்மை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். உயிரைக் காக்கும் ஹெல்மெட்டுக்குள் இப்படிக் கைவைக்கலாமா? அந்தப் பயம் சரியான பயம். மோதலின் வேகத்தைத் தாங்குவது வெளிக்கூடு மட்டும் இல்லை. உள்ளே நசுங்கிக் கொடுக்கும் தெர்மாகோல்தான் மூளைக்கு வரும் அதிர்ச்சியைக் குறைக்கிறது. அதைக் கத்தியால் செதுக்கிக் குழி பறிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், செதுக்கவே கூடாது. குழிவு இல்லாத ஹெல்மெட்டில், ஸ்பீக்கரை வைத்த பிறகு காது நெரிகிறது என்றால், அந்த ஹெல்மெட்டுக்கு இன்டர்காம் வேண்டாம் என்பதே முடிவு. கருவியை ஒட்டும் முன் பாலிகார்பனேட் கூட்டைத் தின்னர், பெட்ரோல் போன்றவற்றால் துடைப்பதும் கூட்டைப் பலவீனமாக்கும். சோப்புத் தண்ணீர் போதும். கூட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே செருகும் கிளாம்ப், அல்லது ஒட்டு நாடா, இரண்டும் பரவாயில்லை. நாடாவை ஒட்டினால் ஒரு நாளாவது ஆறவிட்டு ஓட்ட வேண்டும். ஐரோப்பாவின் புதிய தரமான இ.சி.இ. 22.06, உற்பத்தியாளரே தரும் துணைக்கருவிகளோடு சேர்த்து ஹெல்மெட்டைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. வசதி உள்ளவர்கள் தங்கள் ஹெல்மெட்டுக்கென்றே வடிவமைத்த கருவியைத் தேடலாம். இல்லாதவர்கள், சேர்ப்பது மட்டுமே, வெட்டுவது இல்லை என்ற எல்லையைக் காத்தால் போதும்.

இப்போது அந்தக் கிலோமீட்டருக்கு வருவோம். ஒரு காலத்தில் ஓட்டுபவரையும் பின்னிருப்பவரையும் ஒயரால்தான் இணைத்தார்கள். 2004இல் கார்டோ நிறுவனம் ஹெல்மெட்டுக்கான புளூடூத் கருவியைக் கொண்டுவந்தது. 2015இல் அதே நிறுவனத்தின் பேக்டாக் என்ற கருவி மெஷ் முறையை அறிமுகப்படுத்தியது. பழைய புளூடூத் குழுவில் வண்டிகள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒருவர் விலகினால் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் அறுந்துபோவார்கள். மெஷ்ஷில் ஒவ்வொரு கருவியும் மற்றவற்றின் பேச்சை வாங்கிக் கடத்துகிறது; ஒன்று போனால் வேறு வழியில் சேர்கிறது. ஐந்தாறு வண்டிகளாகச் சேர்ந்து போகிறவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய வசதி. கூடுதல் விலை தகும். ஆனால் மெஷ்ஷும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான். அந்த அலைக்குப் பாறையும் மண்மேடும் சுவர். பெட்டியில் போட்டிருக்கும் தூரம், தடையே இல்லாத வெட்டவெளியில் ஒருவரை ஒருவர் பார்க்கும் நிலையில் அளந்தது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. முன்னால் போனவர் வளைவு திரும்பிப் பாறைக்குப் பின்னால் மறைந்ததும் தொடர்பு தடுமாறும். பின்னால் உட்கார்ந்திருப்பவரோடு பேசுவதற்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், உங்களுக்கு வேண்டிய தூரம் அரை மீட்டர். அதற்கு மெஷ் விலை கொடுப்பது வீண். மீதிப் பணத்தில் பெரிய விட்டமுள்ள, 40 மில்லிமீட்டர் அளவு ஸ்பீக்கரும் நல்ல மைக்கும் கொண்ட எளிய புளூடூத் ஜோடி கிடைக்கும். குழுவாகப் போகிறவர்கள் வாங்கும் முன் நண்பர்களிடம் என்ன நிறுவனக் கருவி இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் மெஷ் இன்னொன்றின் மெஷ்ஷோடு பொதுவாகப் பேசாது. புளூடூத் வழியாகக் கைபேசிபோல இணைத்துக்கொள்ளலாம் என்றாலும் வசதிகள் குறையும்.

இரைச்சலைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, காதடைப்பானைச் சொல்லாமல் விட முடியாது. “காதை அடைத்துக்கொண்டால் இன்டர்காம் எப்படிக் கேட்கும்? பின்னால் வரும் லாரியின் ஹாரன் எப்படிக் கேட்கும்?” என்பார்கள். அடைப்பான் இரைச்சல், பேச்சு, ஹாரன் மூன்றையும் சேர்த்தே குறைக்கிறது. ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் பெரிதாக மாறுவதில்லை. நூறு டெசிபலில் திணறும் காது எண்பதில் இன்னும் நன்றாகப் பிரித்துக் கேட்கிறது. தொழிற்சாலைகளில் இதை நெடுநாளாகவே அறிவார்கள். ஸ்பீக்கர் சரியான இடத்தில் இருந்தால்தான் அடைப்பானைத் தாண்டிப் பேச்சு வரும் என்பதால், இதுவும் என் வாதத்தையே வலுப்படுத்துகிறது. நகரத்துக்குள் மெதுவாக நகரும்போது அடைப்பான் தேவையில்லை, கழற்றிவிடலாம்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் கவனச் சிதறல். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கைபேசியைக் கையில் பிடித்துப் பேசினாலும், கையில் பிடிக்காமல் பேசினாலும், சிக்னலைத் தவறவிடுவதும் தாமதமாக எதிர்வினை செய்வதும் கூடின. கை விடுபட்டால் மட்டும் போதாது. மனமும் விடுபட வேண்டும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் 2008ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசுவது கைபேசிப் பேச்சுக்கு ஒப்பானது இல்லை. அவரும் சாலையைப் பார்க்கிறார், நெரிசல் வந்தால் பேச்சு சாலையைப் பற்றியதாக மாறுகிறது. பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் உரிமத்துக்கான சாலைத் தேர்வில் தேர்வாளர் பின்தொடர்ந்து வந்து, எங்கே திரும்ப வேண்டும் என்று ரேடியோவில் சொல்கிறார். அளவாக, சாலையைப் பற்றியே வரும் குரல் ஓட்டுபவருக்கு இடைஞ்சல் என்றால் அரசே தேர்வில் அதை வைத்திருக்காது. எனவே இன்டர்காம், பின்னிருப்பவரோடும் உடன் வருபவர்களோடும் பேசுவதற்கு மட்டும். வீட்டிலிருந்து வரும் அழைப்பை வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அழைப்பு வந்தால் தானாக எடுக்கும் வசதி கருவியில் இருந்தால் முதல் நாளே அணைத்துவைக்க வேண்டும்.

இன்டர்காம் வாங்கப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சொந்த ஹெல்மெட்டையும், பின்னால் உட்காருபவரின் ஹெல்மெட்டையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பெட்டியைப் பிரித்து ஸ்பீக்கரை உள்ளே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அணிந்து, பேசிப் பாருங்கள். ஒலியைப் பாதிக்கு மேல் ஏற்றாமல் பேச்சு புரிந்தால் வாங்குங்கள். ஹெல்மெட்டுக்குள் வைத்துக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

(தொடரும்)